திறந்தே கெடந்த மைக்கு

கையில என்ன கட்டுன்னுதானுங்களே பாக்கறீங்க? ஏறுனதுல இருந்து ஓரக்கண்ணுல பாத்துட்டேதான் வர்றீங்க, கேக்கறதுக்குத்தான் கூச்சம். கேட்டா நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேனுங்க. பஸ்ஸு பல்லடம் போற வரைக்கும் ரெண்டு பேரும் சும்மாதான உக்காந்திருக்கோணும்.

லிப்ட்டுல மாட்டுனது. மாடிக்குப் போற லிப்ட்டு இல்லீங்க, மேடை லிப்ட்டு. டான்ஸு, நாடகம் நடக்கறப்ப மேடை நடுவுல தரையே ஒரு சதுரமாக் கீழ எறங்கும், அப்பறம் ஆளோட மேல வரும். பாத்ததில்லையா? அவினாசி ரோட்டுல மில்லுக்காரவிய கட்டுன அரங்கம் ஒண்ணு இருக்குதுங்க, அங்க வாங்க, காட்டறேன். அந்த மேடைக்கு நாந்தான் பொறுப்பு. செல்வநாயகின்னு வாசல்ல கேட்டாப் போதும். என்ற சத்தம் இல்லாம அங்க ஒரு நிகழ்ச்சி நடந்ததில்லைன்னு வெச்சுக்கோங்களே.

நாயகியக்கா பேசிப் பேசியே கையைக் குடுத்துட்டு வந்து நிக்குதுன்னு அங்க ஒரு நாயம் பேசிட்டிருக்கறாங்க. நான் என்ன சொல்றேன்னா, நான் பேசுனதாலதான் ஒரு கொழந்தை முழுசா இருக்குது. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. சொல்லாட்டியும் பரவால்லீங்க, எனக்குத் தெரியும்.

என்ற வூட்டுக்காரர் அங்க திரை இழுத்துட்டு இருந்தாருங்க. அவரு ஸ்கூட்டர்ல போய் லாரியில மோதிப் போனதுக்கப்பறம் அரங்கத்தை நடத்தற டிரஸ்டுக்காரவிய என்னைக் கூப்புட்டு வேலை குடுத்தாங்க. மொதல்ல கூட்டிப் பெருக்கறது. அப்பறம் திரை. அப்பறம் மேடையில யார் எப்ப உள்ள போகோணும், எப்ப வெளிய வரோணும், எந்தக் கொழந்தைக்கு ஒண்ணுக்கு வருது, எந்த டான்ஸ் டீச்சர் சலங்கையை மறந்துட்டு வந்துட்டாங்க, எல்லாம் நானே பாக்க ஆரம்பிச்சு, கடைசியில ஸ்டேஜ் மேனேஜர்னு அட்டை அடிச்சுக் கழுத்துல மாட்டி விட்டுட்டாங்க. பையன் ஒருத்தன், ஓசூர்ல கம்பெனியில இருக்கறான். ஞாயித்துக்கெழமை கூப்புடுவான். 'சொல்லும்மா'ம்பான். சொல்ல ஆரம்பிச்சா, 'அப்பறம் கூப்புடறேம்மா'ம்பான். வேலை அப்படிங்க அவனுக்கு.

அரங்கத்தைப் புதுசு பண்ணுனப்ப இன்டர்காம் செட்டு ஒண்ணு வந்துது. வூட்டுல வெக்கற போன் மாதிரி இல்லீங்க, பெரிய பெரிய மேடைக்குன்னு செய்யறது. காதுல ஹெட்செட்டு, வாய்க்கிட்ட ஒரு மைக்கு, இடுப்புல சொருகிக்கற ஒரு பொட்டி. எல்லாப் பொட்டிக்கும் ஒரே லைன். ஒருத்தர் பேசுனா அத்தனை பேருக்கும் கேக்கும். மேல கண்ணாடி ரூம்ல நிரஞ்சன் தம்பி, அந்த செட்டோட சென்னையில இருந்து வந்தவரு. அவருக்கு அடுத்த ரூம்ல லைட்டு போடற ரங்கதுரையண்ணன். மேடைக்கு அடியில லிப்ட்டு ரூம்ல மாதேசண்ணன். மேடையோரத்துல நானு. இருட்டுக்குள்ள நின்னுட்டு இருப்பேன், காதுக்குள்ள அத்தனை பேரும் இருப்பாங்க. நல்லா இருக்குமுங்க அது.

செட்டு வந்த அன்னிக்கு நிரஞ்சன் தம்பி எல்லாப் பொட்டியையும் ஒரு மேசையில பரப்பி வெச்சு அடிமூடியைக் கழட்டுனாரு. உள்ள அரிசி அளவுக்கு வெள்ளை சுவிச்சு, வரிசையா. பல்லுக்குச்சி ஒண்ணை வெச்சுத் தள்ளித் தள்ளி விடறாரு. என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு, "அக்கா, உங்களுக்கு எப்படி வேணும்னு சொல்லுங்க"ன்னாரு. தங்கமான புள்ளைங்க, அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்லை.

"பேசற பட்டனை ஒரு தடவை அமுக்கினா மைக் திறந்தே இருக்கணுமா? இல்ல, அமுக்கிப் பிடிச்சிருக்கிற வரைக்கும் போதுமா?"

"தொறந்தே இருக்கட்டும் தம்பி."

"உங்க குரல் உங்க காதுக்கே எவ்வளவு கேக்கணும்? அதுக்கும் ஒரு சுவிட்ச் இருக்கு."

"நல்லாக் கேக்கட்டும்."

"மேல இருந்து எல்லார் மைக்கையும் ஒரே பட்டன்ல மூடற வசதி இருக்கு. உங்க பெட்டி அதுக்குக் கட்டுப்படணுமா?"

"எதுக்கு மூடோணும்?"

சிரிச்சாரு. நான் கேட்ட மாதிரியே வெச்சுக் குடுத்தாரு. நானும் ஒவ்வொரு சுவிச்சும் எதுக்குன்னு அப்பவே மனசுல ஏத்திக்கிட்டேன். மாத்துனா வயரைப் புடுங்கித் திரும்ப மாட்டுனாத்தான் பொட்டி ஏத்துக்கும்ங்கறது வரைக்கும்.

தை பொறந்தா எங்களுக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழாச் சீசனுங்க. ஒரு ஸ்கூல் போனா ஒரு ஸ்கூல். மேடைக்குப் பின்னால கொழந்தைங்க மந்தை மந்தையா நிக்கும். அப்ப நான் வாயை மூடிட்டு நிக்க முடியுமா? ஒருத்தன் இன்னொருத்தன் வாலைப் புடிச்சு இழுப்பான், ஒருத்தி பொட்டைத் தின்னுடுவா. அதட்டோணும், கொஞ்சோணும். நடுவால ரங்கதுரையண்ணனுக்குச் சக்கரை, மாத்திரை போட்டீங்களான்னு கேக்கோணும். மாதேசண்ணன் பாவம், அடியில தனியா உக்காந்திருப்பாரு. சம்சாரம் போனதுல இருந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு மனுசன். அவருக்குன்னே நான் பேசுவேனுங்க. இன்னிக்கு எங்க வூட்டுல என்ன கொழம்பு, பக்கத்து வூட்டுக்காரி என்ன சொன்னா, எல்லாம். 'கேக்குதுங்களா மாதேசண்ணா?'ம்பேன். பதில் வராது. கேட்டுட்டு இருக்கறாருன்னு அர்த்தம்.

ஒரு நாள் நிரஞ்சன் தம்பி என்னை மேல கூப்புட்டாரு. "அக்கா, நேத்து லைனை ரெக்கார்டு பண்ணியிருந்தேன். கொஞ்சம் கேளுங்க"ன்னு போட்டாரு. கேட்டேன். என்ற குரலு. தூதுவளை ரசம் எப்படி வெக்கோணும்னு சொல்லிட்டிருக்கறேன். நடுவுல தூரத்துல எங்கியோ நிரஞ்சன் தம்பி 'லைட்டு, ரெடி'ங்குது, 'லைட்டு, போடுங்க'ங்குது, நான் 'மொளகைத் தட்டித்தான் போடோணும்'ங்கறேன். ரங்கதுரையண்ணன் நேரத்துக்கு லைட்டு போடலை. பாரதியார் வேசம் போட்ட பையன் இருட்டுல நின்னுட்டு முழுப் பாட்டையும் பாடிட்டான்.

"புரியுதாக்கா?"ன்னாரு.

"நல்லா இருக்குது தம்பி, தெளிவா இருக்குது"ன்னேன். தலையைப் புடிச்சுக்கிட்டாரு. ரங்கதுரையண்ணன் கவனிக்காம விட்டா அதுக்கு நானா பொறுப்பு, நீங்களே சொல்லுங்க?

அடுத்த நிகழ்ச்சிக்கு வந்து பொட்டியை மாட்டுனேன், பட்டனை அமுக்குனேன், விட்டேன், மைக்கு மூடிக்கிச்சு. அமுக்கிப் புடிச்சாத்தான் பேச்சு. என்னைக் கேக்காம சுவிச்சை மாத்தி வெச்சிருக்கறாரு. ஒரு கையில ஒரு கொழந்தை, இன்னொரு கையில திரைத்துணி, பட்டனை எதுல புடிக்கறது? மூக்குலயா? மேசைமேல வெச்சு, மூடியைக் கழட்டி, சீலையில இருந்த ஊக்கை எடுத்து அந்தச் சுவிச்சைத் தள்ளி விட்டேன். வயரைப் புடுங்கி மாட்டுனேன். தொறந்துக்கிச்சு. மாதேசண்ணங்கிட்ட, "பாத்தீங்களா அண்ணா, நம்மகிட்டயேவா"ன்னேன்.

மறுநாள் தம்பி திரும்ப மாத்திட்டாரு. நானும் திரும்ப மாத்துனேன். மூடிமேல ஸ்டிக்கர் ஒட்டுனாரு, உரிச்சேன். அப்பறம் அந்த இன்னொரு சுவிச்சு, மேல இருந்து மூடறது, அதைப் போட்டு விட்டுட்டாரு. நான் சீரகத் தண்ணி பத்திப் பேசிட்டிருக்கறப்பவே பொக்குன்னு என்ற சத்தம் நின்னு போச்சு. மேல கண்ணாடியைப் பாத்தேன். அவரு பாக்காத மாதிரி உக்காந்திருந்தாரு. சரின்னு அதையும் ஊக்குல தள்ளி விட்டேன். எதுத்தாப்புலயே போய்ச் சொல்லிட்டேனுங்க, மறைச்சு ஒண்ணும் பண்ணலை. "தம்பி, நீங்க மாத்துனா நானும் மாத்துவேன். உங்களுக்குப் பல்லுக்குச்சி இருக்குது, எனக்கு ஊக்கு இருக்குது"ன்னேன்.

"அக்கா, நான் உங்களை எதிர்த்து எதுவும் செய்யலை. ஒரு நாள் நிஜமாவே அவசரமா நீங்க ஏதாவது சொல்வீங்க, அப்போ யாரும் காது கொடுக்க மாட்டாங்க. அதுதான் என் பயம்"ன்னாரு.

"என்ற பேச்சுக்குக் காது குடுக்காதவிய யாரு இருக்கறாங்க இங்க?"ன்னேன்.

எறங்கிப் போயிட்டாரு. தோத்துட்டாரு பாருங்க. அதுக்கப்பறம் என்ற பொட்டியை அவரு தொடவே இல்லை.

இப்ப அந்த நாளுக்கு வர்றேன். சாயங்காலம், ஒரு ஸ்கூல் ஆண்டு விழா. மழைன்னு ஒரு டான்ஸு. லிப்ட்டு கீழ எறங்கி இருக்கும், மேடை நடுவுல பள்ளம். சுத்தியும் மயில் வேசத்துல பொடுசுங்க. இருட்டாகும். இருட்டுக்குள்ள லிப்ட்டு மேல வரும், அதுல மேகம் மாதிரி வேசம் போட்ட ஒரு பெரிய புள்ளை நிக்கும், அப்ப லைட்டு வரும். பள்ளத்தைச் சுத்தி மஞ்சள் டேப்பு ஒட்டி, அதைத் தாண்டக் கூடாதுன்னு ஒத்திகையில தலைதலையா அடிச்சுக்கிட்டேன். எல்லா மயிலும் தாண்டாம நின்னுச்சு. ஆனா வாலு?

மித்ராணின்னு ஒரு கொழந்தை. எல்.கே.ஜி. அவங்கம்மா ஆசையா வாலை மத்ததைவிட நீளமாச் செஞ்சு, கம்பி வெச்சு, இடுப்புல கயித்தால இறுக்கிக் கட்டி அனுப்பியிருக்கறாங்க. லைட்டு அணைஞ்சுது. கொழந்தை பயந்து ஒரு சுத்துச் சுத்துச்சு. வாலு போய்ப் பள்ளத்துக்குள்ள தொங்குது. எனக்கு ஓரத்துல இருந்து அரைகுறையாத் தெரியுது. கீழ மோட்டார் சத்தம் ஆரம்பிச்சிருச்சு.

ஓடுனேனுங்க. "மாதேசண்ணா நிறுத்துங்க! நிறுத்துங்க!"ன்னு கத்திட்டே ஓடுனேன். மைக்கு தொறந்துதான் இருக்குது. நிக்கலை. லிப்ட்டு வந்துட்டே இருக்குது. ஒரு கையில கொழந்தையை இடுப்போட அணைச்சுட்டேன். வாலு லிப்ட்டுக்கும் தரை விளிம்புக்கும் நடுவால சிக்கிப் புள்ளையைப் பின்னால இழுக்குது. கயிறு அவுந்து தொலைய மாட்டேங்குது. இன்னொரு கையை விட்டுக் கம்பியை இழுத்தேன். "மாதேசண்ணா!"ன்னு கத்தறேன். அடியில இருக்கறவருக்குக் கேக்கலை. என்ற காதுக்குள்ள என்ற சத்தந்தான் கேக்குது, அத்தனை பெருசா.

அப்பறம் நின்னுச்சு.

நின்னப்ப என்ற ரெண்டு வெரலு உள்ள இருந்துது. வலி ஒண்ணும் அப்பத் தெரியலைங்க. கொழந்தை அழுகவே இல்லை, என்ற மூஞ்சியையே பாத்துட்டு இருந்துச்சு. மேல இருந்து நிரஞ்சன் தம்பி படியில உருண்டு பெரண்டு ஓடியாறாரு. லைட்டு வந்துச்சு. கீழ உக்காந்திருக்கறவிய எல்லாம் டான்ஸுல அதுவும் ஒண்ணுன்னு நெனச்சுக் கை தட்டுனாங்க. நல்லா இருக்குதுங்களா கதை?

இந்த ரெண்டு வெரல்லயும் எலும்பு நொறுங்கிருச்சு. கம்பி வெச்சிருக்கறாங்க. இப்பவும் கட்டு மாத்திட்டுத்தான் வர்றேன். கொழந்தைக்கு இடுப்புல கயிறு அறுத்த தடம், வேற ஒண்ணுமில்லை. சாமி புண்ணியம்.

அப்பறம் விசாரணை. டிரஸ்டு செக்ரட்டரி ரூம்ல எல்லாரையும் உக்கார வெச்சாங்க. நான் கையைத் தூக்கித் தூளியில போட்டுட்டுப் போனேன். என்னாச்சுன்னா, நான் கத்துனது நிரஞ்சன் தம்பிக்குத்தான் கேட்டிருக்குது. கேட்ட உடனே அவரு மேசையில ஒரு பட்டனை அமுக்கியிருக்கறாரு. அதை அமுக்குனா மாதேசண்ணன் பொட்டியில செவப்பு வெளக்கு மினுக்கும். மினுக்குனதைப் பாத்து அவரு நிறுத்தியிருக்கறாரு. அவியளுக்குள்ள ஏற்கெனவே ஏற்பாடாமுங்க. வெளக்கு நின்னு எரிஞ்சா லிப்ட்டை ஏத்து, மினுக்குனா நிறுத்துன்னு. எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் வெளக்குல பேசிட்டு இருந்திருக்கறாங்க!

செக்ரட்டரி கேட்டாரு, "மாதேஸ்வரன், அந்தம்மா கத்தினது உங்களுக்கு ஏன் கேக்கலை?"

மாதேசண்ணன் தரையைப் பாத்துட்டு இருந்தாரு. அப்பறம், "ஹெட்செட்டைக் கழுத்துல தொங்க விட்டிருந்தனுங்க"ன்னாரு.

"எப்பவுமா?"

"கொஞ்ச நாளாவே."

"ஏன்?"

"அந்தம்மா பேச்சை என்னால நிறுத்த முடியலீங்க. காதைத்தான் எடுக்க முடிஞ்சுது."

தூளியில கெடந்த கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேனுங்க. 

எனக்கு என்ன தோணுச்சுன்னா, மனுசன் பயத்துல என்னத்தையோ உளர்றாருன்னு. இல்லாட்டி, எத்தனையோ நாளு அத்தனை சொல்லியிருக்கறேன், பையனுக்குக் கூடச் சொல்லாததெல்லாம். வூட்டுக்காரரு போன நாளன்னிக்கு, வருசம் திரும்புதுன்னு, அதையும் அந்த லைன்லதான் சொன்னேன். 'கேக்குதுங்களா மாதேசண்ணா?'ன்னு கேட்டேன். கேட்டிருப்பாருங்க. அன்னிக்காவது கேட்டிருப்பாரு.

சரி, அதை விடுங்க.

நிரஞ்சன் தம்பி எந்திரிச்சு, "சார், அக்கா மைக் திறந்திருந்ததாலதான் எனக்குக் கேட்டுது. அமுக்கிப் பிடிச்சுப் பேசற மாதிரி இருந்திருந்தா, ரெண்டு கையும் அங்க இருந்தப்போ அவங்களால பேசியிருக்கவே முடியாது. திறந்தே இருந்ததாலதான் மாதேஸ்வரன் அண்ணன் கேக்காமப் போனார். ரெண்டும் உண்மை"ன்னாரு. மொதப் பாதி நல்லாச் சொன்னாரு. ரெண்டாவதுதான் தேவையில்லாதது.

செக்ரட்டரி பெரிய மனுசர் இல்லீங்களா, ஒரே அடியா முடிச்சாரு. "நாளையில இருந்து இந்தம்மா பெட்டியில மைக் வேண்டாம். கேக்க மட்டும் கேக்கட்டும். சொன்னதைச் செய்யட்டும். நிரஞ்சன், அதுக்கு வேண்டிய மாதிரி மாத்திடுங்க."

"பேசக் கூடாதுன்னா நான் கேக்கவும் மாட்டேனுங்க"ன்னேன்.

"அப்போ வீட்டுல இருங்க. கை சரியாகட்டும்"ன்னாரு. "லிப்ட் வழக்கம்போல ஓடும். அடுத்த பள்ளிக்கூடம் காத்துட்டு இருக்கு."

வழக்கம்போல! அந்த வார்த்தையிலதானுங்க எனக்குக் கோவம் ஏறுச்சு. மைக்கை எடுத்தா எடுத்துட்டுப் போங்க. அந்தப் பள்ளம் அப்படியே இருக்கும், மோட்டார் அடியில இருக்கும், நிறுத்தற ஆளு மேடையைப் பாக்காத எடத்துல இருப்பாரு, மேடையில இருக்கறவளுக்கு வாயும் இருக்காது. அடுத்த கொழந்தைக்கு யாரு ஓடறது? யாரு கத்தறது?

அடுத்த ஸ்கூல் ஒத்திகைக்கு வந்துச்சுல்ல, அன்னிக்கு மத்தியானம், கட்டோட போய் அந்த லிப்ட்டு மேலயே உக்காந்துட்டேன். மேடைக்கு நட்ட நடுவுல. சம்மணம் போட்டு. டீச்சருங்க வந்து பாக்கறாங்க, புள்ளைங்க வந்து பாக்குது. "லிப்ட்டை நிறுத்தற பட்டன் ஒண்ணு மேடையோரத்துல வெக்கோணும். நிக்கறவிய யாரா இருந்தாலும் அடிச்சா மோட்டார் நிக்கோணும். யாரு காதுக்கும் கேக்கோணும், யாரு உத்தரவும் வேணும்னு இருக்கக் கூடாது. அது வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்"னு சொல்லிட்டேன்.

செக்ரட்டரி வந்தாரு. "என்னம்மா இது, வேலையை விட்டே எடுத்துருவேன்"னாரு.

"எடுத்துக்கோங்க. வேலை போனாலும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன். வெளியாளா உக்காந்திருப்பேன், அவ்வளவுதான்."

"போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"கூப்புடுங்க. அவியளுக்கும் மொதல்ல இருந்து சொல்றேன். எனக்கென்ன அவசரம்?"

நிரஞ்சன் தம்பியைப் பாத்து, "இவங்களை இறங்கச் சொல்லுங்க. அந்தப் பெட்டியிலயும் மைக்கை எடுத்தாச்சா இல்லையா?"ன்னாரு.

தம்பி கையைக் கட்டிட்டு நின்னாரு. "எடுக்கலை சார். எடுக்கவும் மாட்டேன். மேடையில நிக்கறவங்க பேச முடியாத ஒரு செட்டை நான் பண்ணித் தர முடியாது. வேற ஆளை வெச்சுப் பண்ணிக்குங்க"ன்னாரு. சென்னைக்காரப் புள்ளைங்க. கண்ணு கலங்கிருச்சு எனக்கு. என்னைக் கண்டா ஆகாதுன்னு நெனச்சிட்டிருந்தேன்.

அப்பத்தான் அடியில இருந்து படியேறி மாதேசண்ணன் வந்தாரு. என்னை நேராப் பாக்கலை. பாக்கெட்டுல இருந்து லிப்ட்டு மோட்டார் சாவியை எடுத்தாரு. செக்ரட்டரிகிட்டக் குடுக்கப் போறாருன்னு நெனச்சேன். வந்து என்ற மடியில போட்டாரு. "பட்டன் வர்ற வரைக்கும் சாவி இந்தம்மாகிட்டயே இருக்கட்டுங்க. நான் ஓட்ட மாட்டேன்"ன்னு செக்ரட்டரியைப் பாத்துச் சொன்னாரு. அப்பறம் என்ற கைக்கட்டைப் பாத்தாரு. "பரவால்லீங்கண்ணா"ன்னேன். "நான் சொன்னது எல்லாம் உங்களுக்குக் கேட்டிருக்கும், எனக்குத் தெரியும்"ன்னேன். அவரு தலையைக் குனிஞ்சுட்டுப் போயிட்டாரு. ஆமாங்கறதுக்குத்தான் குனிஞ்சாரு.

சாவி கைக்கு வந்ததால நானும் எந்திரிச்சுட்டேன். அந்த ஸ்கூல்காரவிய லிப்ட்டு இல்லாமத்தான் ஆண்டு விழா நடத்துனாங்க. நல்லாத்தான் இருந்துது, ஒரு கொறையும் இல்லை. அதுக்குள்ள மித்ராணியோட அம்மா டிரஸ்டு ஆபீசுக்கே போய் உக்காந்துட்டாங்களாம். எலக்ட்ரீசியன் வந்தாரு. செவப்பா, உள்ளங்கை அளவுக்கு ஒரு பட்டன். அடிச்சா அப்படியே உள்ள போய் நின்னுக்கும். திருகி விட்டாத்தான் லிப்ட்டு மறுபடி அசையும்.

வேலையா? போகலீங்க. எடுக்கறேன் எடுக்கறேன்னு சொன்னதோட சரி. நிரஞ்சன் தம்பி எல்லாப் பொட்டியையும் மறுபடியும் மேசையில பரப்பி ஒரே மாதிரி வெச்சாரு. அவரு பொட்டியும் சேத்துத்தான். யாரோட மைக்கையும் மேல இருந்து மூட முடியாது. ஆனா எல்லாரும் அமுக்கிப் புடிச்சுத்தான் பேசோணும். நியாயந்தான். நானும் சரின்னுட்டேன். கை இப்படி இருக்குதுல்ல, அதனால பட்டன் மேல ஒரு ரப்பர் பேண்டு சுத்திக்கறேன், அவ்வளவுதான். சுவிச்சை நான் தொடலை பாருங்க. மாதேசண்ணன் இப்ப ஹெட்செட்டைக் காதுலதான் மாட்டறாரு, செக்ரட்டரி உத்தரவு. பாவம், அடிக்கடி தலைவலின்னு லீவு போடறாரு. கசாயம் எப்படி வெக்கறதுன்னு லைன்லயே சொல்லிட்டுத்தான் இருக்கறேன்.

சூலூர் தாண்டிட்டமா? இருங்க, அந்தப் பட்டனை வெச்ச அன்னிக்கு நடந்ததைச் சொல்லலையே.

செக்ரட்டரிக்கு அதுல ஒரு பேரு வேணுமில்ல. போட்டோக்காரரை வரச் சொல்லி, மித்ராணியோட அம்மா, அப்பா, இன்னும் சில பெத்தவிய எல்லாரையும் முன்வரிசையில உக்கார வெச்சு, "நானே ஏறி நின்னு காட்டறேன், எவ்வளவு பத்திரம்னு பாருங்க"ன்னு கீழ போய் லிப்ட்டுல நின்னாரு. வெள்ளை வேட்டி, துண்டு. மேல வரோணும், வர்ற வழியில நான் பட்டனை அடிக்கோணும், நிக்கோணும், திருகி விடோணும், வந்து சேரோணும். எல்லாரும் கை தட்டோணும். நிரஞ்சன் தம்பிதான், "அக்கா அடிக்கட்டும்"ன்னு சொன்னாரு.

மோட்டார் ஓடுச்சு. மொதல்ல தலை வந்துச்சு. நெத்தி, மூக்கு, மீசை. அடிச்சேன். டக்குன்னு நின்னுச்சு.

தாடை மேடைத் தரை மட்டத்துக்கு இருந்துது. தலை மட்டும் வெளிய. கையைத் தூக்கக் கூட எடமில்லை. போட்டோக்காரர் எடுக்கலாமா வேண்டாமான்னு பாக்கறாரு. "ம், சரி, ஓகே, விடுங்கம்மா"ன்னாரு.

நான் விடலை. பட்டனைத் திருகாம அப்படியே விட்டுட்டு, நடந்து வந்து, அவரு முன்னால குத்த வெச்சு உக்காந்தேன். சத்தம் போடலீங்க. பக்கத்துல இருக்கறவருக்குக் கேக்கற அளவுக்குத்தான்.

"அய்யா, இங்க இருந்து பாத்தா மேடை எப்படித் தெரியுது? எல்.கே.ஜி. கொழந்தைக்கு இப்படித்தான் தெரியும். இப்ப நான் ஒரு வார்த்தை கேக்கோணும், நீங்க பதில் சொல்லோணும். கொழந்தைங்க நிக்கற எடத்துல, நிறுத்துன்னு சொல்றவ வாயை மூடுன்னு சொல்லலாமா?"

"அம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுங்க. அன்னிக்கும் எல்லாரும் பாத்துட்டுத்தான் இருந்தாங்க, கை தட்டுனாங்க. சொல்லுங்க, சொல்லலாமா?"

வேர்த்துருச்சு அவருக்கு. மித்ராணியோட அம்மா எந்திரிச்சு நின்னுட்டாங்க. அப்பறம் அவரு, "சொல்லக் கூடாது"ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. சொன்னாரு.

அதோட விட்டிருக்கலாமுங்க. ஆனா அப்படி ஒரு சந்தர்ப்பம் எப்ப வாய்க்கும்? திரைக்குக் கயிறு மாத்தோணும்னு எத்தனை நாளாச் சொல்றேன், அதைச் சொன்னேன். பின்னால பொம்பளைப் புள்ளைங்களுக்குக் கக்கூசு பத்தாது, அதைச் சொன்னேன். ரங்கதுரையண்ணன் உக்கார்ற நாற்காலி, மாதேசண்ணன் ரூமுக்கு ஒரு ஃபேன், நிரஞ்சன் தம்பி சாப்புட நேரமில்லாம காஞ்சு கெடக்கறது, என்ற வூட்டுக்காரரு பேரை எங்கியாவது ஒரு சுவத்துல எழுதோணுங்கறது, எல்லாம் சொன்னேன். அவரு ஒண்ணுக்கும் குறுக்க பேசலை. தலை மட்டும் ஆடுச்சு. அவ்வளவு பொறுமையா ஒருத்தர் கேட்டு நான் பாத்ததே இல்லைங்க.

அப்பறம் போய்ப் பட்டனைத் திருகி விட்டேன். லிப்ட்டு மேல வந்துச்சு. செக்ரட்டரி எறங்கி, துண்டுல மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டு, என்னைப் பாத்து, "முடிச்சிட்டீங்களாம்மா?"ன்னாரு.

"இன்னிக்கு முடிச்சிட்டேனுங்க"ன்னேன்.